ஆன்லைன் வகுப்பு வீடியோ: லிங்க் கொடுப்பதும் அனுமதி கொடுப்பதும்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆரி வேலைப்பாடு வகுப்பை ஆன்லைனில் நடத்துகிறீர்கள். பாட வீடியோக்களும் பிளவுஸ் டிசைன் பிடிஎஃப்களும் கூகுள் டிரைவில் இருக்கின்றன. பணம் கட்டியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புகிறீர்கள். இப்போது பணம் கட்டாதவர்களும் உங்கள் டிசைனைத் தைத்துப் படம் போடுகிறார்கள், ஒரு டெலிகிராம் சேனலில் உங்கள் பாடங்கள் மொத்தமாகக் கிடக்கின்றன. பணம் கட்டியவர் மட்டும் பார்க்க வேண்டும், அவரும் வேறு யாருக்கும் அனுப்ப முடியக் கூடாது, செலவும் கையைக் கடிக்கக் கூடாது. இதற்கு வழி கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. யார் உள்ளே வரலாம் என்பது ஒன்று. உள்ளே வந்தவர் பார்த்ததை என்ன செய்யலாம் என்பது இன்னொன்று. முதலாவதை இன்றைக்கே, காசு செலவில்லாமல், ஏறக்குறைய முழுமையாகக் கட்டுப்படுத்தலாம். இரண்டாவதை இதுவரை யாராலும் முழுதாகத் தடுக்க முடியவில்லை. கஷ்டமாக்கலாம், செய்தவர் யார் என்று கண்டுபிடிக்கலாம், அவ்வளவுதான். முதலாவதை அப்படியே திறந்து போட்டுவிட்டு இரண்டாவதற்காகப் பெரிய தொகை கட்டி ஏதாவது ஆப் வாங்குபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதனால் முதலாவதை விரிவாகவே சொல்கிறேன்.

டிரைவில் ஃபோல்டரை ‘எனிஒன் வித் தி லிங்க்’ என்று வைத்திருந்தால் கூகுள் சரிபார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: வந்தவரிடம் அந்த முகவரி இருக்கிறதா? வந்தவர் உங்கள் மாணவியா, மாணவியின் நாத்தனாரா, நாத்தனாரின் தோழியா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. லிங்க் கையில் இருப்பதே அங்கே அனுமதி. அதனால் லிங்க்கை ஃபார்வேர்டு செய்கிற ஒவ்வொருவரும் உங்கள் சார்பில் அனுமதி கொடுத்துக்கொண்டே போகிறார்கள்.

யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ என்று, அதாவது தேடலில் வராமல் லிங்க் இருப்பவர் மட்டும் பார்க்கும்படி, போடுவதும் இதே கணக்குதான். வீடியோ முகவரியின் கடைசியில் 11 எழுத்துகள் இருக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் எல்லாம் கலந்து வருவதால் எண்ணி மாளாத சேர்க்கைகள் உண்டு. குருட்டாம்போக்கில் அடித்துப் பார்த்து உங்கள் வீடியோவை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. நிறுவனங்களும் இந்தப் பக்கத்தை இறுக்கிக்கொண்டேதான் வருகின்றன. 2017 ஜனவரி 1-க்கு முன் ஏற்றிய அன்லிஸ்டட் வீடியோக்களை, வேண்டாம் என்று உரிமையாளர் சொன்னவை நீங்கலாக, 2021 ஜூலை 23 முதல் யூடியூப் பிரைவேட் ஆக்கியது. அதற்குப் பிந்தைய லிங்க்குகள் கண்டுபிடிக்க இன்னும் கடினமானவை என்பதுதான் காரணம். அதே ஆண்டு செப்டம்பரில் டிரைவிலும் பழைய லிங்க்குகள் பலவற்றோடு ஒரு கூடுதல் குறியீடு சேர்க்கப்பட்டது. ஆனால் உங்கள் பிரச்சினை ஊகித்து வருபவர்களால் வந்ததல்ல. லிங்க் கைமாறி வந்தவர்களால் வந்தது. எவ்வளவு நீளமான முகவரியாக இருந்தாலும் ஃபார்வேர்டு பட்டனுக்கு ஒரு தட்டுதான். இன்னொன்றும் கவனியுங்கள்: அன்லிஸ்டட் வீடியோவை யாராவது தங்கள் பொது பிளேலிஸ்ட்டில் சேர்த்துவிட்டால் அது அங்கே எல்லார் கண்ணிலும் படும்.

கைமாறிய லிங்க் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2020 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்லலாம். வாட்ஸ்அப் குரூப்களின் அழைப்பு லிங்க்குகள் கூகுள் தேடலில் வந்து விழுந்தன. தனிப்பட்ட குரூப் என்று நம்பி உள்ளே பேசிக்கொண்டிருந்தவர்களின் குரூப்களில் முன்பின் தெரியாதவர்கள் நுழைய முடிந்தது, உறுப்பினர்களின் போன் எண்களைப் பார்க்க முடிந்தது. யாரும் எதையும் உடைக்கவில்லை. யாரோ சிலர் அந்த லிங்க்கை ஏதோ ஒரு வெப்சைட்டில் போட்டிருந்தார்கள், தேடுபொறி அதைப் படித்துக்கொண்டது. உங்கள் வகுப்பு குரூப்பின் அழைப்பு லிங்க் பழையதாக இருந்தால் குரூப் விவரங்களில் போய் ஒருமுறை ‘ரீசெட்’ செய்துவிடுங்கள். புதிதாகச் சேருபவர்களை அட்மின் ஒப்புக்கொண்ட பிறகுதான் உள்ளே விடும் வசதியையும் போட்டு வையுங்கள்.

சரி, பாஸ்வேர்டு போட்டுவிட்டால்? பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு போடுவது நமக்கெல்லாம் பழக்கமானதுதான். இ-ஆதார் டவுன்லோடு செய்தால் பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த ஆண்டும் கேட்கிறதே, அதே முறை. ஆனால் ஆதார் விஷயத்தில் அந்தக் கோப்பை வெளியே விடக் கூடாது என்ற அக்கறை அதன் சொந்தக்காரருக்கே இருக்கிறது. உங்கள் டிசைன் பிடிஎஃப்பில் அந்த அக்கறை உங்களுக்கு மட்டும்தான். மாணவி கோப்பை அனுப்பும்போது பாஸ்வேர்டையும் கூடவே டைப் செய்து அனுப்பிவிடுவார். 40 பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் யார் அனுப்பினார் என்றுகூடச் சொல்ல முடியாது. பிரிண்ட் எடுக்க முடியாது, காப்பி செய்ய முடியாது என்று பிடிஎஃப்பில் போடுகிற தடைகளும் திறக்கும் ஆப் அதை மதித்தால்தான் செல்லும். மதிக்காத ஆப்கள் நிறைய உண்டு.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வருகிறது. ஒருவர் தயங்காமல் பகிரக்கூடிய ஒன்றோடு அனுமதியைக் கட்டாதீர்கள். அவர் பகிரத் தயங்குகிற ஒன்றோடு கட்டுங்கள். வகுப்பு லிங்க்கையோ வகுப்பு பாஸ்வேர்டையோ தோழிக்குக் கொடுப்பதில் யாருக்கும் கூச்சமில்லை. தன்னுடைய சொந்த ஜிமெயிலின் பாஸ்வேர்டைக் கொடுப்பாரா? அதற்குள் அவருடைய போட்டோக்கள், வங்கி மெயில்கள், போனில் இருக்கும் தொடர்புகள் எல்லாம் இருக்கின்றன. கணவருக்கோ அக்காவுக்கோ கொடுக்கலாம். முகம் தெரியாத டெலிகிராம் கூட்டத்துக்குக் கொடுக்க மாட்டார். உங்களுக்கு வேண்டிய பாதுகாப்பில் பெரும்பகுதி இந்தத் தயக்கத்திலிருந்தே கிடைத்துவிடும்.

டிரைவில் இதைச் செய்ய ஃபோல்டரின் ‘ஷேர்’ பெட்டியைத் திறந்து, ‘ஜெனரல் ஆக்சஸ்’ என்ற இடத்தில் ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றுங்கள். அந்த நொடியே வெளியில் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய ஃபோல்டர் லிங்க் செத்துப்போகும். உள்ளே இருக்கும் சில வீடியோக்களைத் தனித்தனியாகவும் பகிர்ந்திருந்தால் அவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்புறம் மாணவிகளின் ஜிமெயில் முகவரிகளை ‘வியூவர்’ என்று சேருங்கள். ‘எடிட்டர்’ வேண்டவே வேண்டாம். எடிட்டராக இருப்பவர், நீங்கள் தடுத்து வைக்காத வரை, தானே புது ஆட்களைச் சேர்க்கலாம். அடுத்தது ஃபோல்டருக்கு மொத்தமாக அல்ல, உள்ளே இருக்கும் கோப்புகளுக்குச் செய்ய வேண்டியது: கோப்பின் ‘ஷேர்’ பெட்டியின் மேலே பல்சக்கரம் மாதிரி ஓர் அடையாளம் இருக்கும். அதைத் தொட்டு, பார்ப்பவர்கள் டவுன்லோடு, பிரிண்ட், காப்பி செய்யலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

மாற்றிய முதல் நாள் உங்கள் போனுக்கு ஓய்வே இருக்காது. “மேடம், ஓபன் ஆகல” என்று வரிசையாக மெசேஜ் வரும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அவர் போனில் இரண்டு ஜிமெயில் இருக்கும், உங்களிடம் கொடுத்தது ஒன்று, டிரைவ் ஆப் திறந்திருப்பது இன்னொன்று. ஆப்பின் வலது மேல் மூலையில் இருக்கும் வட்டப் படத்தைத் தொட்டுச் சரியான கணக்குக்கு மாறச் சொல்லுங்கள். இன்னொரு வகை மெயிலும் வரும். அனுமதி இல்லாதவர் லிங்க்கைத் திறந்தால் அனுமதி கேட்கும் பட்டன் தெரியும். அதை அழுத்தினால் உங்களுக்கு ஒரு மெயில் வரும். வேலை அவசரத்தில் அதைப் பார்த்தவுடன் ஒப்புதல் கொடுத்துவிடாதீர்கள். பணம் கட்டியவர்களின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே கொடுங்கள். உங்கள் லிங்க் எத்தனை கை மாறியிருக்கிறது என்பதற்கான கணக்கும் அந்த மெயில்களிலேயே கிடைக்கும்.

ஒவ்வொரு பேட்ச்சுக்கும் 30, 40 முகவரிகளைச் சேர்ப்பதும் நீக்குவதும் தொல்லை என்றால் கூகுள் குரூப்ஸில் பேட்ச்சுக்கு ஒரு குரூப் தொடங்குங்கள். சாதாரண ஜிமெயில் கணக்குக்கே இது இலவசம். ஃபோல்டரை அந்தக் குரூப்பின் மெயில் முகவரிக்குப் பகிர்ந்தால் போதும். ஆளைக் குரூப்பில் சேர்த்தால் ஃபோல்டர் திறக்கும், நீக்கினால் மூடும். இரண்டு அமைப்புகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: நீங்கள் அழைத்தவர் மட்டுமே சேர முடிய வேண்டும், உறுப்பினர் பட்டியலை நீங்கள் மட்டுமே பார்க்க முடிய வேண்டும். இரண்டாவது உங்கள் மாணவிகளுக்காக. முன்பின் தெரியாத 40 பேருக்குத் தன் மெயில் முகவரி போவதை அவர்களில் யாரும் கேட்டு வாங்கவில்லை.

யூடியூபிலேயே இருக்க வேண்டும் என்றால் ‘பிரைவேட்’ என்று வைத்து மெயில் முகவரி கொடுத்து அழைக்கலாம். வீடியோவுக்கு வீடியோ செய்ய வேண்டியிருப்பதால் வகுப்புக்கு அது சரிப்படாது. சொந்த வெப்சைட் வைத்திருப்பவர்கள் வேறு வழி செய்கிறார்கள்: மாணவி லாகின் செய்ததும் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ காலாவதியாகிற ஒரு கையொப்பமிட்ட லிங்க்கை சர்வர் உருவாக்கிக் கொடுக்கும், அதை யாருக்கு அனுப்பினாலும் கொஞ்ச நேரத்தில் பயனற்றுப் போகும். நல்ல முறைதான். உங்கள் அளவுக்கு இப்போது தேவையில்லை.

இனி இரண்டாவது விஷயம். அனுமதி உள்ளவரே பதிவு செய்து வெளியே விட்டால் என்ன செய்வது? டவுன்லோடு டிக்கை எடுத்தால் பட்டன் மறையும். ஸ்க்ரீன் ரெக்கார்டர் வேலை செய்யும். டெலிகிராமில் 2021 டிசம்பரிலிருந்து குரூப், சேனல்களில் ஃபார்வேர்டு செய்வதையும் சேமிப்பதையும் தடுக்கும் வசதி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வீடியோவையே கோப்பாக அனுப்பினால் அது மாணவியின் போனில் ஒரு பிரதியாகவே உட்கார்ந்துவிடும், அப்புறம் குரூப்பிலிருந்து நீக்கியும் பயனில்லை. அதனால் பாட வீடியோவை ஒருபோதும் வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பாதீர்கள்.

இதற்கு மேலே இருப்பது டிஆர்எம் என்கிற டிஜிட்டல் உரிமைப் பூட்டு. ஓடிடி ஆப்களில் ஸ்க்ரீன் ரெக்கார்டு போட்டால் படம் கறுப்பாக விழுகிறதே, அது இதனால்தான். வீடியோ மறையாக்கம் செய்த நிலையில் வரும். திறக்கும் சாவி கூகுளின் வைட்வைன், ஆப்பிளின் ஃபேர்ப்ளே, மைக்ரோசாஃப்டின் பிளேரெடி மாதிரியான ஓர் அமைப்பு வழியாகச் சாதனத்துக்குப் போகும். நல்ல பாதுகாப்புள்ள போனில் மறையாக்கம் சிப்பின் தனிப் பகுதிக்குள் அவிழ்ந்து நேராகத் திரைக்குப் போவதால் ரெக்கார்டரின் கையில் எதுவும் சிக்காது. கணினி பிரவுசர்களில் இதே அமைப்பு வெறும் மென்பொருளாக ஓடும் இடங்களில் அந்த உறுதி இருக்காது. பாடம் நடத்துபவர்களுக்கு இதை மாதக் கட்டணத்தில் தரும் சேவைகள் இந்தியாவிலேயே இருக்கின்றன, வீடோசைஃபர் அப்படி ஒன்று.

எனக்கு இதில் இரண்டு மனக்குறைகள் உண்டு. ஒன்று, எவ்வளவு கட்டினாலும் திரைக்கு முன்னால் இன்னொரு போனை நிறுத்திப் படமெடுப்பதை இது தடுக்காது. ஆரி வகுப்பில் ஊசி போகிற திசை தெரிந்தால் போதும், படத்தின் தெளிவு கொஞ்சம் குறைந்தாலும் திருடுபவருக்கு நஷ்டமில்லை. பெரிய நிறுவனங்களே இதில் தோற்றிருக்கின்றன. கணினியிலிருந்து டிவிக்கு ஹெச்டிஎம்ஐ வழியாகப் போகும் படத்தைப் பாதுகாக்கும் ஹெச்டிசிபி முறையின் முதன்மைச் சாவியே 2010 செப்டம்பரில் வெளியானது, அது உண்மையானதுதான் என்று அந்த முறையை உருவாக்கிய இன்டெல் ஒப்புக்கொண்டது. இரண்டாவது குறை இதைவிடப் பெரிது: பாதிப்பு முதலில் நேர்மையானவர்மேல்தான் விழும். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது காசு கொடுத்து வாங்கியவர்களின் நூல்களும் சேர்ந்தே போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், நூல் போனது போனதுதான். உங்கள் மாணவிகளில் பழைய போன், சிறிய ஊர், விட்டுவிட்டு வரும் நெட் வைத்திருப்பவர்களே அதிகம் என்றால், புது ஆப் ஒன்று ஓடாமல் நின்றால் முதலில் அவதிப்படுவது அவர்கள்தான். திருடியவர் டெலிகிராமில் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நிலைமையை நான் ஏற்க மாட்டேன். வகுப்பு பெரிதாகி, ஒரு பேட்ச் வருமானத்தில் சிறு பங்கிலேயே அந்தக் கட்டணம் அடங்கும் என்கிற நிலை வந்த பிறகு டிஆர்எம் பற்றி யோசியுங்கள்.

அதுவரை நான் நம்புவது அடையாளக் குறியைத்தான். யார் வெளியே விட்டார் என்று தெரிந்துவிடும் என்றாலே பெரும்பாலோர் விட மாட்டார்கள். ஹாலிவுட்டில் ஆஸ்கர் உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே பார்க்க அனுப்பும் பட நாடாக்களில் ஆளுக்கு ஒரு மறைகுறி வைத்திருந்தார்கள். திருட்டுப் பிரதிகள் வெளிவந்தபோது அந்தக் குறி கார்மைன் காரிடி என்ற நடிகரைக் காட்டிக்கொடுத்தது. 2004-இல் அவரை அகாடமியிலிருந்து நீக்கினார்கள்.

உங்கள் பிடிஎஃப்களில் இதை எளிதாகச் செய்யலாம். ஒவ்வொரு மாணவிக்கும் தனிப் பிரதி: டிசைன் கோட்டுக்கு நடுவிலேயே, வெட்டி எடுக்க முடியாத இடத்தில், வெளிர் சாம்பல் நிறத்தில் அவர் பெயரும் போன் எண்ணின் கடைசி 4 இலக்கமும். முழு எண்ணைப் போடாதீர்கள். நாளைக்கு அது வெளியே போனால் அவருக்கு வேறு தொல்லை வரும். ஆளுக்கு ஒரு பிடிஎஃப்பை அவரவர் ஜிமெயிலுக்குத் தனியாகப் பகிருங்கள். இப்படிக் குறி இருக்கிறது என்பதை வகுப்பில் சேரும்போதே சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்துப் பிடிப்பதைவிட முன்பே சொல்லித் தடுப்பது உங்களுக்கும் அவர்களுக்கும் நல்லது.

வீடியோவில் ஆளுக்கு ஒரு பிரதி எடுப்பது கையால் ஆகிற வேலையில்லை. கட்டணச் சேவைகளில் பார்ப்பவரின் மெயில் முகவரி திரையில் நகர்ந்துகொண்டே இருக்கும் வசதி வரும். அது இல்லாமலே ஒன்று செய்யலாம். ஆரி வீடியோவில் கேமரா எப்போதும் ஃப்ரேமில் இழுத்துக் கட்டிய துணியையும் ஊசியையும்தான் பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் வகுப்பின் பெயரும் பேட்ச் எண்ணும் எழுதிய ஒரு சின்னத் துணிப்பட்டையை, தைக்கிற இடத்திலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி ஃப்ரேமிலேயே குத்தி வையுங்கள். மூலையில் போடும் லோகோவை வெட்டிவிடலாம். இதை வெட்டினால் தையலும் சேர்ந்து போய்விடும். கையும் நூலும் அதன்மேல் போய்வருவதால் மென்பொருள் வைத்து அழிப்பதும் கஷ்டம். எந்தப் பேட்ச்சிலிருந்து கசிந்தது என்றும் தெரிந்துவிடும். பேட்ச்சுக்குப் பேட்ச் எல்லாப் பாடத்தையும் மறுபடி எடுக்க முடியாதுதான். கசிந்தால் அதிகம் வலிக்கிற இரண்டு மூன்று பாடங்களை, சர்தோசி, முழு நெக் டிசைன் மாதிரியானவற்றை, மட்டும் புதிதாக எடுத்தால் போதும்.

எல்லாவற்றையும் பூட்டவும் வேண்டாம். ஊசி பிடிப்பது, ஃப்ரேமில் துணி கட்டுவது, செயின் தையல் போன்ற ஆரம்பப் பாடங்களை நீங்களே யூடியூபில் பொதுவாகப் போடுங்கள். தையல் முறைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அவை ஏற்கெனவே ஆயிரம் இடங்களில் இருக்கின்றன. புது மாணவிகள் உங்களைக் கண்டுபிடிக்கிற வழியும் அதுதான். பூட்ட வேண்டியது நீங்கள் வரைந்த டிசைன், அதற்கான பாடம். பிறகு, மாணவி தைத்து அனுப்பும் படத்தைப் பார்த்து “நூலை இவ்வளவு இழுக்காதே, துணி சுருங்குது பார்” என்று நீங்கள் சொல்லும் திருத்தம் இருக்கிறதே, அதற்குப் பூட்டே தேவையில்லை. டெலிகிராமில் வீடியோ கிடைத்தவருக்கு அது கிடைக்காது. கட்டணத்தில் அந்தத் திருத்தத்தின் பங்கைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

கடைசியாக, அந்த டெலிகிராம் சேனல். உங்கள் வீடியோவுக்கும் வரைபடத்துக்கும் உருவாக்கிய நொடியிலிருந்தே 1957 காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி உரிமை உண்டு, பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் பெயரைத் தெரிந்தே அழித்துவிட்டு வெளியிடுவது 2012 திருத்தத்தில் சேர்ந்த 65பி பிரிவின்படி தனிக் குற்றம், 2 ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. டெலிகிராம் வழக்குக்கு அகப்படாது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். போட்டித் தேர்வுப் பயிற்சி ஆசிரியர் நீத்து சிங்கின் பாடங்கள் இதே மாதிரி சேனல்களில் பரவியபோது அவர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, அந்நாட்டுச் சட்டப்படி விவரம் தர முடியாது என்று டெலிகிராம் வாதாடியது. 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் அதை ஏற்காமல், சேனல் நடத்தியவர்களின் போன் எண், மெயில், ஐபி முகவரி விவரங்களைத் தரச் சொன்னது.

நீங்கள் உடனே நீதிமன்றம் போக வேண்டியதில்லை. முதலில் ஆதாரம் சேருங்கள்: சேனலின் முகவரி, உங்கள் வீடியோ இருக்கும் ஒவ்வொரு பதிவின் லிங்க், தேதி தெரியும் ஸ்க்ரீன்ஷாட், உங்களிடம் இருக்கும் அசல் கோப்பு. ஆத்திரத்தில் சேனலில் போய்ச் சண்டை போட்டால் அவர்கள் பெயரை மாற்றிக்கொண்டு வேறு சேனல் தொடங்கிவிடுவார்கள், ஆதாரமும் போய்விடும். அதன்பிறகு டெலிகிராமின் காப்புரிமைப் புகார் முகவரிக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். சட்டத்தின் 52(1)(சி) பிரிவும் 2013 விதிகளில் 75-ஆவது விதியும் சேமித்து வைக்கும் நிறுவனங்கள் இத்தகைய புகாரில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கின்றன. புகார் சரி என்று தெரிந்தால் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் அவர்கள் மீண்டும் திறந்துவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் புகார் அனுப்பும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். டிரைவை ‘ரெஸ்ட்ரிக்டட்’ ஆக்குவதை மட்டும் அதற்காகக் காத்திருக்காமல் இன்றைக்கே செய்துவிடுங்கள். அடுத்து ஏற்றப்போகும் பாடங்களாவது லிங்க் கைமாறி அந்தச் சேனலுக்குப் போகாது.